காய்ச்சல் விட்டது, தொற்று விட்டதா?

வீட்டில் ஒருவருக்குச் சளிக்காய்ச்சல் வருகிறது. நாலு நாளில் காய்ச்சல் விட்டுவிடுகிறது, இருமல் மட்டும் போன பாடில்லை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாமா, பாட்டியின் பக்கத்தில் உட்காரலாமா என்ற கேள்வி அப்போதுதான் எழும். நம்மில் பெரும்பாலானோர் இருமலை வைத்தே முடிவெடுக்கிறோம். ஆனால் தொற்றுக்கு இருமல் நம்பகமான அளவுகோல் அல்ல.

ஒருவர் எத்தனை நாள் தொற்றைப் பரப்புவார் என்று கணக்குப் பார்க்க வேண்டுமென்றால், யாருக்கு எந்த நிமிடத்தில் வைரஸ் தொற்றியது என்று தெரிந்திருக்க வேண்டும். வெளியுலகில் அது நடக்காத காரியம். அதனால் 2021-இல் லண்டனில் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் துணிச்சலான ஒரு வழியைக் கையாண்டார்கள். 18 முதல் 29 வயது வரையுள்ள ஆரோக்கியமான 36 தன்னார்வலர்களின் மூக்கில் கொரோனா வைரஸைச் சொட்டாக விட்டார்கள். ஒரு சிறு சளித்துளியில் இருக்கக்கூடிய அளவுதான் அது. பிறகு ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் அவர்களைத் தனித்தனி அறைகளில் தங்கவைத்து, மூக்கிலும் தொண்டையிலும் தினம் இருமுறை மாதிரி எடுத்தார்கள்.

18 பேருக்குத் தொற்றியது. சுமார் 40 மணி நேரத்திலேயே தொண்டையில் வைரஸ் தென்பட்டுவிட்டது. தொண்டை கரகரப்பு, மூக்கொழுகல் எல்லாம் இரண்டிலிருந்து நாலு நாளில் தொடங்கின. வைரஸின் அளவு உச்சத்தைத் தொட்டது ஏறக்குறைய ஐந்தாம் நாளில். அப்போது தொண்டையைவிட மூக்கில்தான் அதிகம் இருந்தது. மூக்குக்குக் கீழே முகக்கவசத்தை இறக்கிவிட்டுக்கொள்வதில் ஏன் பயனில்லை என்பதற்கு இதைவிட நேரடியான விளக்கம் தேவையில்லை. உயிர்ப்புள்ள வைரஸ், மூக்கில் சொட்டு விட்ட நாளிலிருந்து சராசரியாக 10 நாள் வரை மூக்கில் கிடைத்தது. சிலரிடம் 12 நாள் வரை.

இந்த ஆய்வில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது வேறொன்று. யாருக்கு உபத்திரவம் அதிகமோ அவரிடம் வைரஸ் அதிகம் என்று சொல்ல முடியவில்லை. இரண்டுக்கும் தொடர்பே தெரியவில்லை. அறைக் காற்றையும் அவர்கள் சோதித்தார்கள். காற்றில் பிடிபட்ட மொத்த வைரஸில் 86 சதவீதம் இரண்டே பேரிடமிருந்து வந்தது! ஒரே விசேஷத்துக்குப் போன பலரில் ஒருவர் ஏகப்பட்ட பேருக்குப் பரப்பிவிட, இன்னொருவர் தன் வீட்டாருக்குக்கூடப் பரப்பாமல் போவதன் ஒரு காரணம் இங்கே இருக்கிறது.

மாதிரியில் இருப்பது உயிர்ப்புள்ள வைரஸா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பிசிஆர் பரிசோதனை வைரஸின் மரபுப்பொருளைத் தேடுகிறது. செத்த வைரஸின் துண்டு கிடந்தாலும் 'பாசிட்டிவ்' என்றே காட்டும். கல்யாணம் முடிந்த மண்டபத்தில் எச்சில் இலை கிடப்பதை வைத்து, பந்தி நடக்கிறது என்று சொல்ல முடியாதல்லவா? அதனால் மாதிரியை ஆய்வகத்தில் வளர்க்கும் உயிருள்ள செல்களின் மேல் விட்டுக் காத்திருப்பார்கள். வைரஸ் உயிர்ப்போடு இருந்தால் அந்தச் செல்கள் சில நாட்களில் உருண்டு, சிதைந்து, தட்டிலிருந்து பிரிந்துவிடும். 2020 ஜனவரியில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் முதலில் பாதிக்கப்பட்ட ஒன்பது பேரிடம் இப்படிப் பார்த்தபோது, நோய் தொடங்கி எட்டு நாளுக்குப் பிறகு எடுத்த மாதிரிகளில் வைரஸ் வளரவில்லை. பிசிஆர் அதற்கப்புறமும் பாசிட்டிவாகவே இருந்தது.

நோய் தொடங்கி ஏறக்குறைய ஒரு வாரத்தில் வைரஸ் அடங்குவதற்குக் காரணம் நம் உடம்புதான். எதிர்ப்புச் செல்கள் தொற்றிய செல்களைத் தேடி அழிக்கின்றன. புதிதாக உருவாகும் ஆன்டிபாடிகள் வைரஸைச் சுற்றி ஒட்டிக்கொண்டு செயலிழக்க வைக்கின்றன. காய்ச்சலே இந்தப் போரின் அறிகுறிதான், அதனால்தான் வைரஸ் பெருகத் தொடங்கிய பிறகு வருகிறது. இருமலோ போர் முடிந்த பின்னும் நீளும். மூச்சுக்குழாயின் உள்தோல் புண்பட்டு, அங்குள்ள நரம்புகள் சிறு தூசிக்கும் சிலிர்த்துக்கொள்கின்றன. அது ஆறுவதற்குச் சில வாரங்கள்கூட ஆகலாம்.

வைரஸுக்கு வைரஸ் கணக்கு மாறும். ஃப்ளூ, அறிகுறிக்கு ஒருநாள் முன்பே பரவத் தொடங்கி, முதல் மூன்று நாட்களில் தீவிரமாகி, ஐந்து முதல் ஏழு நாட்களில் ஓயும். தட்டம்மை, தடிப்பு வருவதற்கு நாலு நாள் முன்பே பரவும். 2003-இல் வந்த சார்ஸ் என்ற நுரையீரல் தொற்று நேர்மாறு: நோயின் பத்தாம் நாள் வாக்கில்தான் அதன் அளவு உச்சம் தொட்டது. படுத்த பிறகே பரவியதால் நோயாளிகளைத் தனிமைப்படுத்தியே அதை அடக்க முடிந்தது. 2020-இல் அந்த அவகாசம் நமக்குக் கிடைக்கவில்லை.

சரி, வீட்டில் என்ன செய்வது? அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024-இல் சொன்ன வழி எளிமையானது. பாராசிட்டமால் போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல், மற்றத் தொல்லைகளும் குறைந்திருந்தால் வெளியே போகலாம். ஆனால் அதற்கப்புறம் ஐந்து நாள் முகக்கவசம், காற்றோட்டம், இடைவெளி வேண்டும். மாத்திரை போட்டு உடம்புச் சூட்டை இறக்கிவிட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால், சூடுதான் இறங்கியிருக்கும். வைரஸ் இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஃப்ளூவைச் சிறு குழந்தைகள் பெரியவர்களைவிட அதிக நாள் பரப்பலாம். உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் போன்ற எதிர்ப்பு சக்தி குன்றியவர்களிடம் வைரஸ் வாரக்கணக்கில், சிலரிடம் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கலாம். அவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் தனிமையை முடிக்க வேண்டும்.