எஸ்.எஸ்.டி.க்குள் வட்டு எங்கே?

என் மடிக்கணினிக்குப் பத்து வயது தாண்டிவிட்டது. பொத்தானை அழுத்திவிட்டுப் போய்க் காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் அப்போதுதான் கண் விழித்துக்கொண்டிருக்கும். ரிப்பேர் கடைக்காரர் பின்மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "போர்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு சார், டிஸ்க்கை மட்டும் மாத்திடலாம்" என்றார். மாற்றினோம். இப்போது அரை நிமிடத்துக்குள் எழுந்துவிடுகிறது. ரசீதைப் பார்த்தால், 'எஸ்.எஸ்.டி. ஹார்ட் டிஸ்க் – 1' என்று இருந்தது.

அந்த ஒரு வரிதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். நான் வாங்கிய பொருளுக்குள் டிஸ்க் என்று எதுவும் கிடையாது. எஸ்.எஸ்.டி. என்பதன் கடைசி எழுத்துகூட டிஸ்க்கைக் குறிப்பதில்லை. சாலிட் ஸ்டேட் டிரைவ் என்பதுதான் விரிவு; கோப்புகளைச் சுற்றும் தட்டில் வைக்காமல் சில்லுகளில் சேமித்து வைக்கும் கருவி. அப்படியிருந்தும் கடையில் எல்லாரும் அதை டிஸ்க் என்றே கேட்கிறார்கள்.

முதலில் டிஸ்க். கிரேக்கத்தில் 'டிஸ்கோஸ்' என்றால் விளையாட்டில் வீசி எறியும் வட்டு. எறிதலைக் குறிக்கும் ஒரு வினையிலிருந்து பிறந்த சொல். லத்தீனுக்குப் போய் 'டிஸ்கஸ்' ஆனது. அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்த பிள்ளைகள் பல: சாப்பிடும் 'டிஷ்', எழுதும் 'டெஸ்க்' இரண்டும் அந்த வம்சம்தான்.

நம் பக்கம் 'வட்டு' அதைவிட ருசியான சொல். கல்லாமை அதிகாரத்தின் முதல் குறள், 'அரங்கின்றி வட்டாடி யற்றே' என்று தொடங்குகிறது. கட்டம் வரையாமல் காய் உருட்டுவது போல என்று பொருள். அங்கே வட்டு என்பது ஆட்டக்காய். நற்றிணையின் மூன்றாம் பாட்டில் சிறுவர்கள் வேப்பமர நிழலில் கோடு கிழித்து நெல்லிக்காயை வட்டாக வைத்து ஆடுகிறார்கள். நம் பள்ளி மைதானத்திலோ இன்றைக்கும் 'வட்டு எறிதல்' போட்டி உண்டு. டிஸ்க்கும் வட்டும் மைதானத்தில் பிறந்து கணினிக்குள் வந்து சேர்ந்தவை. யாரும் திட்டமிட்டுச் செய்த பொருத்தம் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது.

ஆக, டிஸ்க்குக்கு வட்டு என்பது அச்சான ஈடு. தட்டு என்றாலும் தப்பில்லை. டிஷ்ஷும் டிஸ்க்கும் ஒரு தாய் மக்கள் என்று பார்த்தோமே, அந்தக் கணக்கில் தட்டும் உறவுதான்.

அடுத்தது ஹார்ட். 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் ராமாக் என்ற கணினியோடு முதல் வட்டு இயக்ககத்தை வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள், ஏறத்தாழ ஒரு டன் எடை, கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்றைக்குக் கைப்பேசியில் எடுக்கும் ஒரு நல்ல புகைப்படம் அதை நிரப்பிவிடும். அப்போது அதற்கு 'ஹார்ட்' என்ற அடைமொழி தேவைப்படவில்லை. டிஸ்க் என்றால் டிஸ்க், அவ்வளவுதான். 1971இல் வளையக்கூடிய ஃபிளாப்பி டிஸ்க் வந்த பிறகுதான் பழையதை வேறுபடுத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. பிராய்லர் வந்த பிறகு நம் கோழி 'நாட்டுக்கோழி' ஆன கதைதான் இது.

தமிழில் இதற்கு வன்தட்டு, வன்வட்டு, நிலைவட்டு என்று மூன்று பெயர்கள் புழங்குகின்றன. 'வன்' என்பது ஹார்டின் நேர் பெயர்ப்பு. 'நிலை' என்பது கழற்றி எடுத்துப் போக முடியாமல் உள்ளேயே நிலைத்திருப்பதைச் சொல்கிறது. வன்தட்டில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. பழைய புணர்ச்சிப்படி ன் முன் த வந்தால் ற ஆகும். சுந்தரரை வன்றொண்டர் என்கிறோமே, அப்படி. அந்தக் கணக்கில் இது வன்றட்டு ஆக வேண்டும். அப்படி எழுதினால் யாருக்கும் புரியாது என்பதால் எல்லாரும் விட்டுவிட்டார்கள், நல்லதே. ஆனால் வன்வட்டு என்று எழுதினால் அந்தச் சிக்கலே எழாது. என் ஓட்டு அதற்குத்தான்.

சரி, பழைய கணினி ஏன் அவ்வளவு மெதுவாக எழுந்தது? உள்ளே உண்மையிலேயே ஒரு தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. மடிக்கணினி வன்வட்டுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும். அதாவது நொடிக்கு 90. ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி. வேண்டிய தரவு, அதைப் படிக்கும் முனையின் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். முனை இடம் நகர்வதற்கு அதற்கு மேலும் நேரம் ஆகும். கணினி எழும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடும். ஒவ்வொன்றுக்கும் இந்தக் காத்திருப்பு. எஸ்.எஸ்.டி.யில் சுற்றவும் நகரவும் எதுவும் இல்லை, மில்லிநொடியில் பத்தில் ஒரு பங்கில் பதில் வந்துவிடும். அதனால்தான் செயலியை (பிராசசரை) தொடாமலே கணினி புதிதானது போலத் தோன்றுகிறது.

இப்போது 'சாலிட் ஸ்டேட்'. இதைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கெட்டியான, உடையாத என்ற பொருளில் வந்த பெயர் இல்லை இது. வீட்டில் வால்வு ரேடியோ வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும், குமிழ் சூடேறிய பிறகுதான் பாட்டு வரும். அந்தக் குமிழுக்குள் எலக்ட்ரான்கள் வெற்றிடத்தில் பாய்ந்தன. 1947இல் டிரான்சிஸ்டர் வந்தது. எலக்ட்ரான்கள் வெற்றிடத்தை விட்டுவிட்டு ஒரு திண்மப் பொருளுக்குள்ளேயே பாயத் தொடங்கின. அந்த வேறுபாட்டைச் சொல்லத்தான் சாலிட் ஸ்டேட். ஒரு காலத்தில் ரேடியோ, டிவி பெட்டிகளின் முகப்பிலேயே இதைப் பெருமையாகப் பொறித்து விற்றார்கள். பிறகு எல்லாமே அப்படி ஆகிவிட்டதால் சொல்ல வேண்டிய தேவை போயிற்று. சுற்றும் வட்டுக்குப் போட்டியாகச் சில்லு நினைவகம் வந்தபோது அந்தப் பழைய சொல் மறுபடி வேலைக்கு வந்தது.

இதற்கு நம் இயற்பியல் பாடநூல் தரும் 'திண்மம்' பொருத்தமானது. குறளில் 'கற்பென்னும் திண்மை' என்றும் 'மனத்திட்பம்' என்றும் வரும் அதே வேர். அங்கே உறுதி என்று பொருள், இங்கே பொருளின் நிலை. 'திட' என்றும் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு திண்மமே போதும்.

மிச்சம் இருப்பது 'டிரைவ்'. வட்டைச் சுழற்றும் மோட்டார் கொண்ட பெட்டிக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். தமிழில் 'இயக்ககம்' என்று ஆக்கியிருக்கிறோம். எஸ்.எஸ்.டி.யில் எதை யார் இயக்குகிறார்கள்? ஆங்கிலம் பழக்கத்தால் அந்தச் சொல்லை விடாமல் வைத்திருக்கிறது, பென் டிரைவிலும் அப்படித்தான். அதற்குத் தமிழில் 'விரலி' என்று அழகாகப் பெயர் வைத்தவர்கள் டிரைவைத் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் வைத்தார்கள். கொஞ்சம் மஞ்சள் வாசனை அடிக்கிறது, பரவாயில்லை.

அதே துணிச்சலோடு எஸ்.எஸ்.டி.க்கு 'திண்மநிலைச் சேமிப்பகம்' என்று சொல்லலாம். 'திண்மநிலை வட்டு' என்று சில இடங்களில் பார்க்கிறேன், அதை மட்டும் தவிர்த்துவிடலாம். பேச்சில் எஸ்.எஸ்.டி. என்றே சொல்லுங்கள், யாரும் அடிக்க வரமாட்டார்கள். பழைய கணினியில் இப்படிப் பாகம் மாற்றும் 'அப்கிரேட்' வேலைக்கு 'தரம் உயர்த்துதல்' என்று சிலர் எழுதும்போது எனக்கு உயர்நிலைப் பள்ளி மேல்நிலைப் பள்ளியாவதுதான் நினைவுக்கு வருகிறது. மேம்படுத்துதல் போதும்.

மாற்றப் போகிறவர்களுக்கு ஒன்று. பழைய மடிக்கணினிகளில் 2.5 அங்குல சாட்டா வகைதான் பெரும்பாலும் இருக்கும் (சாட்டா என்பது வட்டைக் கணினியோடு இணைக்கும் முறை). பழைய வன்வட்டு 9.5 மி.மீ. தடிமன், புதியது 7 மி.மீ. என்றால் உள்ளே ஆடும். கூட ஒரு பிளாஸ்டிக் சட்டம் கேட்டு வாங்குங்கள். பழைய சாட்டாவாக இருந்தால் முழு வேகம் கிடைக்காது, ஆனாலும் வித்தியாசம் தெரியும். மாற்றும் முன் கோப்புகளை இன்னொரு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள்.

அப்புறம், புதியதை அளவுகோல் வைத்து அளந்து பார்த்தேன். அகலம் 2.5 அங்குலம் இல்லை, 2.75 அங்குலம் இருந்தது. 2.5 என்பது பழைய பெட்டிக்குள் சுற்றிய தட்டின் விட்டத்தை ஒட்டி வந்த பெயர். தட்டு போய்விட்டது, அதன் அளவு மட்டும் இன்னும் பெட்டியின் மேல் அச்சாகி வருகிறது.