ஜென்கின்ஸ் போட்டுவிட்டால் டெவ்ஆப்ஸ் ஆகிவிடுமா?

"நாங்கள் முழுக்க அஜைல், டெவ்ஆப்ஸ் டீமும் இருக்கிறது. ஆனாலும் ரிலீஸ் என்றாலே வயிற்றைக் கலக்குகிறது." இப்படிச் சொல்லி இன்னொரு மென்பொருள் டீம் என்னைக் கூப்பிட்டது. (அஜைல் என்பது மென்பொருளைச் சிறுசிறு துண்டுகளாக எழுதி, போகப் போகத் திருத்திக்கொள்ளும் முறை. டெவ்ஆப்ஸ் என்பது மென்பொருளை எழுதுபவர்களும் இயக்குபவர்களும் சேர்ந்து வேலை செய்வது. தலைப்பில் உள்ள ஜென்கின்ஸ், பில்ட், டெஸ்ட் போன்ற வேலைகளைத் தானாகச் செய்யும் ஒரு டூல்.) போய்ப் பார்த்தால் அதே பழைய கதை. ஸ்பிரிண்ட் (குறுகிய வேலைச் சுற்று) இரண்டு வாரத்துக்கு ஒன்று, புரொடக்‌ஷனுக்குப் போவதோ, அதாவது பயனர்கள் கைக்குப் போவதோ, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. அதுவும் வெள்ளிக்கிழமை ராத்திரி, எக்ஸெல் ஷீட்டைப் பார்த்து ஒருவர் சர்வர் சர்வராகக் கையாலேயே செய்கிறார். ரோல்பேக் (சிக்கல் வந்தால் பழைய பதிப்புக்கே திரும்புவது) என்ற கட்டத்துக்கு எதிரே எழுதியிருந்தது: "டிபிஏவுக்கு (டேட்டாபேஸ் நிர்வாகி) போன் செய்யவும்."

அஜைல் என்றால் பிளானும் வேண்டாம், டாக்குமென்ட்டும் வேண்டாம் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. 2001-இல் அமெரிக்காவின் யூட்டாவில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் அறிக்கை ஒரு பக்கம்கூட வராது. ஆவணத்துக்கும் திட்டத்துக்கும் மதிப்பு உண்டு, ஓடுகிற மென்பொருளுக்கும் மாற்றத்துக்கு ஈடுகொடுப்பதற்கும் இன்னும் அதிகம் என்கிறது. முதல் பாதியை மட்டும் எல்லோரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். ஸ்க்ரம் என்ற அஜைல் முறையில் வரும் டெய்லி ஸ்க்ரம் கூட்டம் 15 நிமிடம், டெவலப்பர்கள் அன்றைய வேலையைத் தங்களுக்குள் பேசி முடிவு செய்ய. மேனேஜர் அட்டெண்டன்ஸ் எடுக்கும் நேரமில்லை அது. ஸ்டோரி பாயிண்ட்டை (ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று டீமே போடும் மதிப்பெண்) வைத்து இரண்டு டீம்களை ஒப்பிடுபவர்களிடம் பேசிப் பேசி ஓய்ந்துவிட்டேன். (ஸ்க்ரமுக்கான கையேடான ஸ்க்ரம் கைடில் அந்தச் சொல்லே கிடையாது.)

சரி, எனக்கு உண்மையிலேயே எரிச்சலூட்டும் விஷயத்துக்கு வருகிறேன்: தனியாக ஒரு 'டெவ்ஆப்ஸ் டீம்'. 2009-இல் ஃபிளிக்கர் என்ற புகைப்படத் தளத்தைச் சேர்ந்த இருவர், ஒரே நாளில் பத்து தடவைக்கு மேல் டிப்ளாய் (புது மென்பொருளை சர்வரில் ஏற்றுவது) செய்கிறோம் என்று ஒரு மாநாட்டில் பேசினார்கள். பேச்சின் சாரமே, எழுதுபவர்களும் இயக்குபவர்களும் சேர்ந்து வேலை செய்வதுதான். நாமோ இரண்டு பேருக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு டீமை உட்காரவைத்து, ஒரு சுவரை இரண்டாக்கிவிட்டோம். டெவலப்பர் டிக்கெட் (வேலைக் கோரிக்கை) போட்டுவிட்டுக் காத்திருக்கிறார். புரொடக்‌ஷன் லாக் (இயக்கப் பதிவுகள்) பார்க்க அவருக்கு அனுமதி இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு அலர்ட் அடித்தால், அந்த நிரலில் (கோட்) ஒரு வரிகூட எழுதாத ஒருவர்தான் எழுந்திருக்கிறார். அவர் என்ன செய்வார்? ரீஸ்டார்ட் செய்வார். காலையில் டிக்கெட் குளோஸ், பக் மட்டும் அப்படியே இருக்கும்.

கையால் டிப்ளாய் செய்வதெல்லாம் பெரிய ஆபத்தா என்று கேட்பவர்களுக்கு: 2012 ஆகஸ்ட் 1, நைட் கேபிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம். எட்டு சர்வர்களில் ஒன்றில் புது நிரலை ஏற்றாமல் விட்டுவிட்டார்கள். சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்.

ஆகவே, மாற்றத்தைச் சிறிதாக வையுங்கள். டிப்ளாய்க்கும் ரோல்பேக்குக்கும் ஸ்கிரிப்ட் எழுதுங்கள். ரோல்பேக்கைப் பட்டப்பகலில், எல்லோரும் சீட்டில் இருக்கும்போது ஒத்திகை பாருங்கள். டேட்டாபேஸ் மாற்றம் பழைய நிரலையும் உடைக்காமல் இருக்கட்டும். டெவலப்பர்களையும் ஆன்-கால் முறையில் (அலர்ட் அடித்தால் எழுந்து பார்க்கும் முறை) சேருங்கள். முனகுவார்கள், அப்புறம் லாக் மெசேஜ்கள் தானாகவே திருந்தும்.

மேலே இருப்பவர்களிடம் ஒரே வேண்டுகோள். ஜென்கின்ஸ் மாதிரி அடுத்த டூலுக்குக் காசு ஒதுக்கும் முன், ஒற்றை வரி மாற்றம் ஒன்று புரொடக்‌ஷனுக்குப் போய்ச்சேர எத்தனை நாள் ஆகிறது, எந்தெந்த மேசையில் காத்துக்கிடக்கிறது என்று நீங்களே பின்தொடர்ந்து பாருங்கள். பெரும்பாலும் அது உங்கள் அப்ரூவலுக்காகத்தான் காத்திருக்கும்.