சூரியப்பனி அன்று, அழுகண்ணி

அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள ஈரப் பைன் சவானாக்களை, அதாவது பைன் மரங்கள் இடைவிட்டு நிற்கும் ஈரப் புல்வெளிகளைப் பற்றிய ஓர் ஆவணப்படத்தின் தமிழ் வருணனையில், அரைமணி நேரத்துக்குள் ஏழெட்டு முறை 'சூரியப்பனி' என்னும் சொல் காதில் விழுந்தது. திரையில் தெரிந்ததோ தரையோடு ஒட்டிக் கிடந்த ஒரு சிறிய செந்நிற இலைவட்டம். இலைகள் நெடுகிலும் மயிர் போன்ற காம்புகள், ஒவ்வொரு காம்பின் நுனியிலும் பளபளக்கும் ஒரு பசைத்துளி, அவற்றில் கால் மாட்டிக்கொண்டு துடிக்கும் ஒரு கொசு. அருகில் உட்கார்ந்திருந்த என் தம்பி மகள், "இவ்ளோ வெயில் அடிக்குதே, பனி எங்க பெரியப்பா?" என்று கேட்டாள். மொழிபெயர்த்தவருக்குத் தோன்றியிருக்க வேண்டிய கேள்வி அது.

செடியின் பேரினப் பெயர் டிரோசிரா. 1753-இல் தாவரவியலாளர் லின்னேயசு பதிந்த இப்பெயருக்குக் கிரேக்கத்தில் 'பனித்துளி படிந்தது' என்று பொருள். ஆங்கிலத்தில் வழங்கும் 'சன்டியூ', 'சூரியனின் பனி' எனப் பொருள்படும் ரோஸ் சோலிஸ் என்னும் இலத்தீன் தொடரின் நேர்பெயர்ப்பு; அந்தச் சன்டியூவைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததே 'சூரியப்பனி'. வெயில் ஏறிய பின்னும் காயாத பனி என்பதே அந்த இலத்தீன் தொடரின் உட்பொருள்.

அந்தக் 'காயாத' என்னும் கருத்துத்தான் சூரியப்பனியில் இல்லை. தமிழில் 'சூரியனைக் கண்ட பனி போல' என்றால் இருந்த இடம் தெரியாமல் மறைவது என்று பொருள். நாள் முழுவதும் துளி வற்றாமல் நிற்கும் ஒரு செடிக்கு, மறைவதற்கே உவமையாகிப்போன இரு சொற்களை ஒட்டிப் பெயரிடுவது அதன் இயல்பையே தலைகீழாக்குவதாகும். மேலும், அத்துளி பனியே அன்று. பனி காற்றின் ஈரம் குளிர்ந்து இலைமேல் படிவது. இதுவோ காம்பு நுனியிலுள்ள சுரப்பி உள்ளிருந்து சுரக்கும் பசை. பூச்சி சிக்கியதும் சுற்றியுள்ள காம்புகள் அதன்மேல் வளைந்து கவிய, சுரக்கும் நொதிகள் அதனைச் செரிக்கின்றன. இதையெல்லாம் டார்வின் 1875-இல் தனி நூலாகவே எழுதிவிட்டார்.

வெயிலை விரும்பும் செடியாதலால் 'சூரிய' என்பதாவது பொருந்தாதா என்று கேட்கலாம். நெட்டிலைப் பைன் காடுகளில் சில ஆண்டுகளுக்கொருமுறை பரவும் தரைத்தீ புதர்களை எரித்து, தழைச்சத்து குறைந்த அந்த அமில மணலில் இச்செடிக்கு வெயில் கிடைக்கச் செய்வது உண்மையே. ஆனால் அங்குள்ள, சாடி போன்ற இலையில் பூச்சி பிடிக்கும் சாடிச்செடியும் புல்லும் அதே வெயிலைத்தான் நம்பியிருக்கின்றன. தமிழ்ப்பற்று மிக்க நண்பர் ஒருவர் வடசொல்லை நீக்கி 'ஞாயிற்றுப்பனி' என்று திருத்தினார். அது விடுமுறை நாளில் பெய்யும் பனியைப் போல ஒலிக்கிறதே தவிர, குறை அப்படியே இருக்கிறது. அயற்சொல்லைக் களைவது மட்டுமே தூய்மை என்று எண்ணுவோர், அயலாரின் சிந்தனையைச் சொல்லுக்குச் சொல் சுமந்து வருவதைப் பொருட்படுத்துவதில்லை.

இத்தனைக்கும் தமிழில் இதற்குப் பெயர் இல்லாமற் போகவில்லை. நம் நிலத்திலும் டிரோசிரா இனங்கள் வளர்கின்றன. அவற்றுக்கு மூலிகை வழக்கில் அழுகண்ணி என்று பெயர். அழு, கண் என்னும் இரண்டும் வினைத்தொகையாய் இணைந்து, இகர ஈறு பெற்ற சொல் இது. தொழுகண்ணி என்னும் மற்றொரு மூலிகைப் பெயரும் இதே அச்சில் வார்த்ததே. இமை நுனியில் திரண்டு, விழாமல் நிற்கும் கண்ணீரை அந்தக் காம்புகளில் கண்டவர் செடியை நேரில் பார்த்துப் பெயரிட்டிருக்கிறார், அகராதியைப் பார்த்தன்று. 'கண்கள் பனித்தன' என்று இன்றும் எழுதுகிறோமே, பனியும் கண்ணீர்தானே என்று ஒருவர் வாதிடலாம். அப்பொருளில் கொண்டால் முன்னே நிற்கும் சூரியனுக்கு என்ன வேலை? தற்செயலாக வாய்த்த பொருத்தம் ஒன்றும் உண்டு. கண்ணி என்பது பறவை பிடிக்க வைக்கும் சுருக்குக்கும் பெயர். சொற்பிறப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றாலும், பூச்சி பிடிக்கும் செடியின் பெயருக்குள் ஒரு பொறியும் இருப்பது கேட்பவர் மனத்தில் சட்டென்று தைக்கிறது.

அழுகண்ணியின்மேல் சொல்லத்தக்க குறை ஒன்றே ஒன்று: உவர்நிலத்தில் வளரும் கிரெஸ்ஸா கிரெட்டிகா என்னும் வேறொரு செடியையும் சிலர் இப்பெயரால் அழைக்கின்றனர். மருந்துக்குப் பறிப்பவர் கட்டாயம் கவனிக்க வேண்டிய வேறுபாடு அது. ஆனால் இலையில் ஒட்டிய கொசுவைத் திரையில் காட்டிக்கொண்டே பெயர் சொல்லும்போது யாருக்கும் ஐயம் எழாது. எழுத்தில் ஐயம் வருமிடத்தில் 'பூச்சியுண்ணும் அழுகண்ணி' என்று ஒருமுறை விரித்தெழுதினால் போதும். அந்தப் பைன் நிலத்து இனங்களுக்கும் இதிலிருந்தே பெயர்கள் கிளைக்கும்: டிரோசிரா கேப்பில்லாரிஸ் செவ்வழுகண்ணி ஆகலாம், நூல்போல் நிமிர்ந்து நிற்கும் இலைகளையுடைய டிரோசிரா ஃபிலிஃபார்மிஸ் நூலழுகண்ணி ஆகலாம். இதே வரிசையைச் சூரியப்பனியிலிருந்து தொடங்கினால் 'சிவப்புச் சூரியப்பனி', 'நூல் சூரியப்பனி' என்றுதான் வரும். இரண்டாவது பெயரை அந்த ஆவணப்படத்திலேயே கேட்டேன்.