ரேசர், பிளேடு, கிரீம்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

சில மாதங்களுக்கு முன், முப்பது வயதைத் தாண்டிய வங்கி ஊழியர் ஒருவர் கழுத்து முழுவதும் சிவந்த கொப்புளங்களோடு என்னிடம் சிகிச்சைக்கு வந்தார். கையோடு கொண்டுவந்திருந்த துணிப்பையை அவர் மேசையில் பிரித்து வைத்தபோது மூன்று ரேசர்கள், ஏழெட்டு வகை பிளேடுகள், இரண்டு ஷேவிங் சோப்புகள், நான்கு கிரீம்கள், ஒரு படிகாரக் கட்டி ஆகியவை அதிலிருந்து வெளியே வந்தன. ஐந்து பிளேடு கொண்ட கார்ட்ரிட்ஜ் ரேசரை விட்டுவிட்டு, பிரஷ்ஷால் நுரை எழுப்பி இருபுறக் கூர் கொண்ட பழைய வகை பிளேடால் ஷேவ் செய்யும் முறைக்கு அவர் மிகுந்த ஆர்வத்துடன் மாறியிருந்தார். “இதில் எது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, டாக்டர்?” என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல இயலவில்லை. மூன்று மாதங்களில் ஒரு வாரம்கூட அவர் ஒரே ரேசரையும் ஒரே பிளேடையும் ஒரே கிரீமையும் சேர்த்துத் தொடர்ந்து பயன்படுத்தியிருக்கவில்லை. எல்லாமே தினமும் மாறிக்கொண்டிருந்தால் எதனால் புண் வந்தது என்பதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

இவரைப் போன்றவர்கள் இப்போது அடிக்கடி வருகிறார்கள். பழைய முறைச் சவரத்தின் மீது எனக்கு எந்த மறுப்பும் இல்லை. சரியாகச் செய்தால் பலருடைய தோலுக்கு அது நல்லதும்கூட. ஆனால் சோதித்துப் பார்ப்பதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும். அந்த ஒழுங்கை விளக்குவதற்கு முன், பிளேடு நம் முகத்தில் உண்மையில் என்ன செய்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

தாடி முடி உலர்ந்த நிலையில் அதே தடிமன் உள்ள செப்புக் கம்பிக்கு நிகரான வலிமை கொண்டது என்பார்கள். ஆனால் அது நீரை உறிஞ்சக்கூடியது. இரண்டு மூன்று நிமிடங்கள் வெதுவெதுப்பான நீரில் ஊறிய முடியை வெட்டுவதற்குத் தேவைப்படும் விசை கணிசமாகக் குறைந்துவிடுகிறது. குளித்து முடித்த கையோடு ஷேவ் செய்யுங்கள் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான். விலை உயர்ந்த எந்தக் கிரீமும் இந்த மூன்று நிமிடங்களுக்கு மாற்றாகாது. முடியை ஒப்பிட்டால் பிளேடின் எஃகு ஏறத்தாழ ஐம்பது மடங்கு கடினமானது. அப்படியிருந்தும் பிளேடு ஏன் சீக்கிரம் மழுங்குகிறது என்பதை அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் விளக்கினார்கள். முடி வளைந்து கொடுத்து, கூர்முனையில் எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடங்களில் மோதும்போது அங்கே நுண்ணிய சில்லுகள் பெயர்ந்துவிடுகின்றன. பிளேடு ஒரே சீராகத் தேயாமல் பொக்கைவாய் போல ஆவதால்தான், பழைய பிளேடு முடியை வெட்டுவதற்குப் பதில் பிடித்து இழுக்கிறது. ஐந்து முதல் ஏழு முறைக்கு மேல் ஒரு பிளேடைப் பயன்படுத்த வேண்டாம் என்பது தோல் மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. தாடி முரடாக உள்ளவர்களுக்கு அது மூன்றாகவும் இருக்கலாம்.

ரேசரைப் பொறுத்தவரை, எண்ணிக்கை கூடினால் நல்லது என்ற எண்ணம்தான் அதிகம் தவறாக வழிநடத்துகிறது. கிங் கேம்ப் ஜில்லெட் அமெரிக்காவில் 1903இல் விற்பனையைத் தொடங்கியபோது அந்த ஆண்டு முழுவதும் விற்றவை 51 ரேசர்களும் 168 பிளேடுகளும்தான். அந்த ரேசரில் ஒரே ஒரு பிளேடு முடியைத் தோலின் மட்டத்தில் வெட்டியது. 1971இல் இரட்டை பிளேடு கார்ட்ரிட்ஜ் வந்தது. இதில் முதல் பிளேடு முடியைப் பற்றிச் சற்று மேலே இழுக்கும். அது உள்ளே திரும்புவதற்குள் பின்னால் வரும் பிளேடு அதை வெட்டிவிடும். வெட்டுப்பட்ட நுனி தோலின் மட்டத்துக்குக் கீழே போய் நின்றுகொள்ளும். முடி நேராக வளர்பவருக்கு இதனால் கன்னம் வழுவழுப்பாவதோடு சரி. சுருட்டை முடிக்காரருக்கோ, அந்தக் கூரிய நுனி வளைந்து மயிர்க்காலின் சுவரையே துளைத்து உள்ளுக்குள் வளரத் தொடங்கும். உடல் அதை வெளியிலிருந்து வந்த முள்ளாகக் கருதிப் போராடுகிறது. நாம் காணும் சிவந்த முடிச்சு அந்தப் போராட்டத்தின் தடயம். பெரும்பாலும் இது கிருமித் தொற்றே அல்ல. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் முடிச்சு அடங்கிய பிறகும் கருந்தழும்பு பல மாதங்கள் நிற்கும். சிலருக்குத் தழும்பு தடித்து வளரும் கீலாய்டாகவும் மாறுவதுண்டு.

அப்படியானால் ஒற்றை பிளேடுக்கு மாறியவருக்கு ஏன் கொப்புளம் வர வேண்டும்? ஒற்றை பிளேடாலும் முடியைத் தோலின் மட்டத்துக்குக் கீழே வெட்ட முடியும் என்பதே காரணம். தோலை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, முடி வளரும் போக்குக்கு எதிராக மழித்தால், தோலை விட்டவுடன் முடியின் நுனி உள்ளே போய்விடும். நம்மில் பலருக்குக் கழுத்து முடி எந்தத் திசையில் வளர்கிறது என்பதே தெரியாது. கன்னத்தில் முடி மேலிருந்து கீழாக வளரும். குரல்வளை மேட்டுக்குக் கீழே அது பலருக்குக் கீழிருந்து மேலாகவும், தாடை எலும்பின் ஓரத்தில் பக்கவாட்டிலும், சிலருக்குச் சுழி போலவும் வளரும். இரண்டு நாள் ஷேவ் செய்யாமல் விட்டு, விரல் நுனியால் நான்கு திசைகளிலும் தடவிப் பாருங்கள். எந்தத் திசையில் தடவும்போது சொரசொரப்பு இல்லையோ அதுவே முடியின் போக்கு. அதை ஒரு தாளில் முகம் வரைந்து அம்புக்குறிகளாகக் குறித்துக்கொள்ளும்படி நான் சொல்வதுண்டு. எந்த ரேசரை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

இருபுற பிளேடு ரேசர்களில் ‘மைல்ட்’, ‘அக்ரெசிவ்’ என்று ஆர்வலர்கள் பிரித்துப் பேசுவார்கள். தலைப்பகுதியில் பிளேடு எவ்வளவு வெளியே தெரிகிறது, பிளேடுக்கும் கீழ்த்தட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பவையே இந்த வேறுபாட்டை உண்டாக்குகின்றன. புதிதாகத் தொடங்குபவர்கள் இடைவெளி குறைந்த, கீழ்த்தட்டின் ஓரம் சீப்புப் பற்கள் இல்லாமல் நேராக உள்ள ரேசரில் தொடங்குவதே பாதுகாப்பானது. பிளேடு ஏறத்தாழ முப்பது பாகைச் சாய்வில் தோலைத் தொட வேண்டும். ரேசரின் எடையே போதும், கையால் அழுத்தக் கூடாது. கார்ட்ரிட்ஜ் ரேசரில் அழுத்திப் பழகிய கை முதல் இரண்டு வாரங்கள் தன் பழக்கத்தை விடாது. அந்த இரண்டு வாரங்களில் ஏற்படும் கீறல்களுக்கு பிளேடைக் குறை சொல்வது நியாயமல்ல. தாத்தா பயன்படுத்திய பித்தளை ரேசர் வீட்டில் இருந்தால், சோப்பு நீரில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, புது பிளேடு போட்டுத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

பிளேடைச் சோதிக்கும் முறைக்கு வருகிறேன். பிளேடின் விலை குறைவு என்பதால் பல பிராண்டுகளை ஒன்றாக வாங்கிவிடுகிறோம். எஃகின் தன்மை, தீட்டிய கோணம், குரோமியம், பிளாட்டினம், டெஃப்லான் போன்ற மேற்பூச்சுகள் ஆகியவை பிராண்டுக்குப் பிராண்டு மாறுபடுவதால், ஒருவருக்கு வெண்ணெய் போல் வழுக்கும் பிளேடு மற்றவருக்கு இழுக்கும். ரேசரையும் கிரீமையும் மாற்றாமல், ஒரே பிராண்டு பிளேடையே மூன்று வாரங்கள் பயன்படுத்துங்கள். மூன்று வாரங்கள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஷேவ் செய்த உடனே தோன்றும் எரிச்சலும் சிவப்பும் ஓரிரு நாளில் மறைந்துவிடும். உள்ளே வளரும் முடியோ பல நாள் கழித்தே முடிச்சாகத் தெரியும். இன்று காலை முகத்தில் காணும் முடிச்சு, போன வாரம் பயன்படுத்திய பிளேடின் விளைவாக இருக்கலாம்; தினமும் பிளேடை மாற்றுபவர் இதனால்தான் தவறான பொருளைக் குப்பையில் போடுகிறார். பயன்படுத்தியபின் பிளேடைத் துணியால் துடைக்காதீர்கள், மேற்பூச்சு கெடும். நீரை உதறிவிட்டு, குளியலறைக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் வைத்தால் போதும்.

கிரீமில் மக்கள் மணத்தைப் பார்க்கிறார்கள், நான் தண்ணீரைக் கேட்கிறேன். ஷேவிங் சோப்பும் பிரஷ் கிரீமும் பெரும்பாலும் ஸ்டியரிக் அமிலத்தைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடுடன் சேர்த்துச் செய்யப்படும் சோப்புகள். ஈரம் காக்கக் கிளிசரின் சேர்க்கப்படுகிறது. சென்னையின் பல பகுதிகளில் வருவது போன்ற உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் உள்ள கால்சியம், மக்னீசியம் ஆகியவை இந்தச் சோப்போடு சேர்ந்து திரிதிரியாகப் படிந்துவிடும். நுரை மெலிந்து நொடியில் காய்ந்துபோகும். “எந்தக் கிரீமும் எனக்குச் சேரவில்லை” என்று சொன்ன பலரிடம், ஒரு டம்ளர் குடிநீரை எடுத்து அதில் நுரை எழுப்பிப் பாருங்கள் என்று மட்டும்தான் சொன்னேன்; அதன் பிறகு சிலருக்கு மாற்று கிரீமே தேவைப்படவில்லை. சோப்பு காரத்தன்மை உடையது, தோலோ சற்று அமிலத்தன்மை உடையது. எனவே நுரையை முகத்தில் காயவிடாமல், வேலை முடிந்ததும் நன்றாகக் கழுவிவிட்டு, மணமில்லாத ஈரப்பதக் களிம்பைத் தடவுவது அவசியம். மென்தால் சேர்ந்த கிரீம் குளிர்ச்சியான உணர்வைத் தந்து எரிச்சலை மறைத்துவிடும் என்பதால், சோதனைக் காலத்தில் அதைத் தவிர்ப்பது நல்லது. ஷேவுக்குப் பின் தடவும் புதிய பால்ம் ஒத்துக்கொள்ளுமா என்று அறிய, முழங்கையின் உட்புறத்தில் ஒரே இடத்தில் தினமும் இரண்டு வேளை, ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை தடவிப் பாருங்கள். ஷேவிங் சோப்பை மட்டும் இவ்வாறு தடவி விட்டுவிடக் கூடாது. அது கழுவ வேண்டிய பொருள், தோலிலேயே தங்கினால் யாருக்கும் அரிக்கும்.

படிகாரம் இரத்தக் கசிவை நிறுத்துகிறது. அது தோலைக் காயவைக்கும் என்பதால் வறண்ட தோல் உள்ளவர்கள் கீறல் பட்ட இடத்தில் மட்டும் தொட்டால் போதும்.

இங்கே ஒரு கவலையை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த வங்கி ஊழியரின் பையில் இருந்த நான்கு கிரீம்களில் ஒன்று ஷேவிங் கிரீமே அல்ல. மருந்துக் கடையில் சீட்டில்லாமல் கேட்டு வாங்கிய, ஸ்டீராய்டும் பூஞ்சைக்கொல்லியும் நுண்ணுயிர்க்கொல்லியும் கலந்த களிம்பு அது. தடவிய இரண்டு நாளில் சிவப்பு அடங்கும், நிறுத்தினால் இரட்டிப்பாகத் திரும்பும். மாதக்கணக்கில் தடவினால் முகத்தோல் மெலிந்து, நரம்பு போல் சிவந்த கோடுகள் தோன்றி, படர்தாமரை இருந்தால் அது மறைந்து பரவும். குளோபிட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஒன்று உறையில் இருந்தால், மருத்துவர் சொல்லாமல் அதை முகத்தில் தடவாதீர்கள். நான் அவருக்கு முதலில் செய்தது அந்தக் களிம்பை நிறுத்தியதுதான். அடுத்ததாக நான்கு வாரங்கள் ஷேவ் செய்ய வேண்டாம் என்றேன். தாடி ஒரு நாளில் ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் வளரும். ஒரு சென்டிமீட்டர் நீளத்தை எட்டும்போது, உள்ளே சிக்கிய முடிகளில் பெரும்பாலானவை வில் நிமிர்வது போலத் தாமாகவே வெளியே வந்துவிடும். காவல் துறை, தனியார் பாதுகாப்புப் பணி போன்றவற்றில் தினமும் முகம் மழிக்க வேண்டியவர்களுக்கு இந்த ஓய்வு கிடைப்பதில்லை. அவர்களுக்கு, ஒரு மில்லிமீட்டர் அளவு முடியை விட்டு வெட்டும் டிரிம்மரையும், தேவைப்பட்டால் பணியிடத்தில் காட்ட மருத்துவச் சான்றையும் தருகிறேன். இரத்தம் உறையாமைக்கான மருந்து உட்கொள்பவர்களுக்கும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் பிளேடைவிட டிரிம்மரே ஏற்றது.

சலூனில் ஷேவ் செய்பவர்கள் ஒன்றை மட்டும் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். புது பிளேடை உறையிலிருந்து எடுத்து, இரண்டாக ஒடித்து, பாதியைக் கத்தியில் பொருத்துவது வழக்கம். அது உங்கள் கண் முன்னே நடக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. உலர்ந்த இரத்தத் துளியே அதற்குப் போதும். எல்லோர் முகத்திலும் தேய்க்கப்படும் ஒரே படிகாரக் கட்டியும் வேண்டாம் என்று தயங்காமல் சொல்லுங்கள். நம் ஊர் முடிதிருத்துநர்களில் பெரும்பாலோர் இதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. முகத்தில் மருவோ, நடுவே குழி விழுந்த முத்து போன்ற கட்டிகளோ இருந்தால், அவை குணமாகும் வரை பிளேடே கூடாது. ஒரு முறை இழுத்தால் கோடு பிடித்தாற்போல் அவை வரிசையாகப் பரவுவதைப் பல முறை கண்டிருக்கிறேன்.

அந்த வங்கி ஊழியர் நான்கு வாரத் தாடியுடன் திரும்பி வந்தபோது கழுத்து பெரும்பாலும் தெளிந்திருந்தது. பையில் இருந்தவற்றில் ஒரு ரேசர், ஒரு பிளேடு, ஒரு கிரீம் என்று அவரே தேர்ந்தெடுத்தார். கழுத்தில் முடியின் போக்கிலேயே ஒரு முறை மட்டும் மழிக்க வேண்டும் என்பது என் ஒரே நிபந்தனை. மூன்று வாரங்களுக்கு ஒரு முறை ஒன்றை மட்டும் மாற்றி, குறிப்பேட்டில் எழுதிவந்தார். நான்காவது பிளேடு வரை சோதித்தும் கழுத்தில் முடிச்சு வரவில்லை. உறவினர் திருமணத்துக்காக எதிர்ப்போக்கில் இரண்டாம் முறை மழித்த ஒரே வாரத்தில் மட்டும் எட்டு முடிச்சுகள் வந்தன என்று தேதியோடு எழுதியிருந்தார். அவருக்கு ஒத்துக்கொள்ளாதது எது என்ற கேள்விக்கு விடை அந்தப் பக்கத்தில் இருந்தது.

பயன்படுத்திய பிளேடுகளை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். தாளில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டதாகச் சொன்னார். குப்பையைக் கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளர்கள் உள்ளங்கை கிழிந்து, சீழ் பிடித்து என்னிடம் வந்திருக்கிறார்கள் என்பதை அவரிடம் கூறினேன். பவுடர் டப்பா போன்ற தகர டப்பாவின் மூடியில் பிளேடு நுழையும் அளவுக்குக் கீறல் போட்டு, பழைய பிளேடுகளை அதில் சேர்த்து வாருங்கள். நிறைந்ததும் டேப் ஒட்டி மூடி, ‘பிளேடு’ என்று பெரிய எழுத்தில் எழுதி, குப்பையோடு கலக்காமல் தனியாகப் பணியாளரின் கையில் சொல்லிக் கொடுங்கள்.