பெரிய ஆயில் கூலர் மாட்டுவதற்கு முன்னால்

போன மாதம் ஒரு தம்பி தன் பைக்கைக் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு கோவையில் இருக்கும் என் பட்டறைக்கு வந்தார். வலது கால் ஷூவிலிருந்து முழங்கால் வரை ஆயில் அப்பியிருந்தது. முழங்கையில் தோல் வழன்றிருந்தது. ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு ஏறும் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அதில் ஒன்பதாவது வளைவில் பின் டயர் வழுக்கி விழுந்திருக்கிறார். நல்லவேளை, அந்த நேரம் எதிரில் பஸ் எதுவும் இறங்கவில்லை.

"ஹீட் ஆகுதுன்னுதானேண்ணா பெரிய கூலர் வாங்கிப் போட்டேன்" என்றார்.

குனிந்து பார்த்தேன். இன்ஜினுக்கு முன்னால் புதுக் கூலர் பளபளவென்று இருந்தது. அதற்குப் போகும் ஹோஸ் ஒன்று கிளிப்போடு கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. தொட்டதுமே தெரிந்துவிட்டது, அது பெட்ரோல் ஹோஸ். டேங்கிலிருந்து கார்ப்பரேட்டருக்குப் போகிற சாதாரண ரப்பர் குழாய். கழன்ற நுனி ஊறிப்போய், நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. இன்னொரு ஹோஸ் சைலன்சர் பெண்ட் பைப்பை உரசிக்கொண்டு போனதில் காய்ந்து வெடித்திருந்தது. ஒன்று கழலாமல் இருந்திருந்தால் அடுத்தது கிழிந்திருக்கும். நூறு டிகிரியைத் தொடும் ஆயில், பம்ப் தள்ளுகிற அழுத்தத்தோடு அதற்குள் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. வழுக்கிய நொடியில் அவர் கில் சுவிட்சை அமுக்கியதால் இன்ஜின் தப்பியது. இன்னும் ஒரு நிமிடம் ஆயில் இல்லாமல் ஓடியிருந்தால் கேம் ஷாஃப்டும் பிஸ்டனும் போயிருக்கும்.

ஆயில் கூலர் கெட்ட பொருள் என்று சொல்ல வரவில்லை. பஜாஜ் பல்சர் 220, ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411, இன்டர்செப்டர் 650 எல்லாம் கம்பெனியிலேயே கூலரோடு வந்தவைதான். எரிகிற பெட்ரோலின் சக்தியில் பெரும்பகுதி சூடாகத்தான் போகிறது. பாதி சைலன்சர் வழியாகப் போனாலும் மீதியை சிலிண்டரைச் சுற்றியுள்ள ஃபின் என்ற தகடுகளும் ஆயிலும்தான் சுமக்க வேண்டும். பிஸ்டனுக்கு அடியிலும் வால்வுப் பக்கமும் காற்று நேராகப் போய்த் தொட முடியாது. அங்கே இருக்கும் சூட்டை எடுத்துவர ஆயிலை விட்டால் வேறு ஆளில்லை. அப்படி எடுத்து வந்ததைக் காற்றில் கொட்டுகிற இடம்தான் கூலர்.

ஆயில் 90 முதல் 110 டிகிரிக்குள் இருந்தால் நான் கவலைப்பட மாட்டேன். 130-க்கு மேலேயே வெகுநேரம் நின்றால் ஆயில் தண்ணியாகி அதன் படலம் மெலிந்துவிடும், ஆயுளும் வேகமாகக் குறையும். ஓட்டுபவருக்கு இது முதலில் கியரில் தெரியும். சிக்னலில் நியூட்ரல் விழாது. வால்வை இயக்கும் டேப்பட்டின் சத்தம் கூடும். ஏற்றத்தில் பிக்கப் இருக்காது.

அந்தத் தம்பிக்கும் இது அத்தனையும் இருந்திருக்கிறது. சரி, ஏன் சூடானது என்று யாராவது பார்த்தார்களா? பார்க்கவில்லை. நான் பிளக்கைக் கழற்றினேன். பீங்கான் சாக்பீஸ் மாதிரி வெளுத்துக் கிடந்தது. பெட்ரோல் குறைவாக, காற்று அதிகமாக எரிகிறது என்பதற்கு அது சாட்சி. கார்ப்பரேட்டரையும் ஹெட்டையும் இணைக்கும் ரப்பர் குழாயை ('பூட்' என்போம்) கழற்றி இரண்டு கையாலும் வளைத்தேன். அடிப்பக்கம், கண்ணுக்கே தெரியாத இடத்தில், ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு. பத்து வருடம் ஓடிய வண்டியில் ரப்பர் வெடிப்பது ஆச்சரியமில்லை. அந்த வழியாக உறிஞ்சிய காற்றுதான் இன்ஜினைச் சுட வைத்தது. அப்புறம், கழற்றிப் போட்ட பழைய கூலரையும் கொண்டுவரச் சொன்னேன். ஃபின்களுக்கு நடுவே சேறும் தென்னை நார்த் தூசியும் சேர்ந்து அடை மாதிரி இறுகியிருந்தது. பொள்ளாச்சிப் பக்கம் நார் மில் ஓரமாகத் தினமும் வேலைக்குப் போய் வருபவர் அவர். அதை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தேன். ஒரு பொட்டு வெளிச்சம் மறுபக்கம் வரவில்லை.

ஒரு ரப்பர் 'பூட்'டும் ஒரு மணி நேரச் சுத்தமும் போதுமாக இருந்த இடத்தில் அவர் உயிரைப் பணயம் வைத்திருக்கிறார். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வண்டி சூடாகிறது என்று யார் வந்தாலும் நான் கூலர் பேச்சையே கடைசியில்தான் எடுப்பேன். ஆயில் அளவு சரியா, புத்தகத்தில் போட்டிருக்கும் கிரேடுதானா என்று முதலில் பார்ப்பேன். 20டபிள்யூ-50 என்ற கெட்டி ஆயிலைக் கேட்கும் பழைய இன்ஜினில் மைலேஜுக்காக மெல்லிய ஸ்கூட்டர் ஆயிலை ஊற்றி வருபவர்கள் இருக்கிறார்கள். டேப்பட் இறுக்கமாக இருக்கிறதா, பின் பிரேக் பிடித்துக்கொண்டே சுற்றுகிறதா, கிளட்ச் வழுக்குகிறதா, சத்தத்துக்காக சைலன்சரை மாற்றிவிட்டு, கார்ப்பரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டை மாற்றாமல் விட்டார்களா, எல்லாம் பார்க்க வேண்டும். லெக் கார்டில் கட்டிய துணிப்பையும் ஃபாக் லைட்டும் கூலருக்கு வரும் காற்றை மறைத்து நிற்பதை வாரம் ஒரு வண்டியிலாவது பார்க்கிறேன்.

இவ்வளவும் சரியாக இருந்து, பின்னால் ஆளையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு அடிக்கடி மலை ஏறுபவர் என்றால் பெரிய கூலர் நிச்சயம் உதவும். ஆனால் காந்திபுரம் சிக்னலில் நிற்கும்போது அது உதவாது. வண்டி நகர்ந்தால்தான் அதன் மேல் காற்று படும். ஃபேன் இல்லாத கூலர் நின்ற வண்டியில் வெறும் அலுமினியப் பெட்டிதான். நீண்ட சிக்னலில் இன்ஜினை அணைத்துவிடுவதே நல்லது.

அளவு கூடினால் நல்லது என்பதும் தப்பு. ஆயில் நன்றாகச் சூடானால்தான் அதில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேறும். ஊட்டிக் குளிரில் பெரிய கூலரோடு காலையில் நான்கைந்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவரின் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், உள்ளே மோர் மாதிரி வெள்ளை நுரை படிந்திருக்கும். அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் தெர்மோஸ்டாட் உள்ள இணைப்பாகப் போட வேண்டும். ஆயில் 80 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் அது கூலருக்குப் போகும் வழியை நன்றாகத் திறக்கும்.

மாட்டும்போது காசு மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் ஹோஸ். சூடான ஆயிலுக்கென்றே செய்த, வெளியே ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் வேண்டும். இரண்டு நுனியிலும் பேஞ்சோ யூனியன், அதாவது நடுவில் போல்ட் போகும் வளைய முனை, அமுக்கியே வந்திருக்க வேண்டும், கிளிப் போட்டு முறுக்குவது கூடாது. ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, முன் ஃபோர்க்கை அழுத்திப் பார்த்து, ஹோஸ் எங்கேயும் இழுபடாமல், பெண்ட் பைப்பிலிருந்து விலகிப் போகிறதா என்று பாருங்கள். காப்பர் வாஷர் ஒவ்வொரு முறையும் புதிது. பழையதை நெருப்பில் பழுக்கக் காய்ச்சித் திரும்பப் போடும் பழக்கம் எங்கள் தொழிலில் உண்டு, என் குருநாதரும் செய்வார். சில ரூபாய் வாஷருக்கு அந்த வேலை இப்போது தேவையில்லை. பேஞ்சோ போல்ட்டை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் வைத்துத்தான் இறுக்க வேண்டும். அலுமினியத்தில் மரை போய்விட்டால் இன்ஜினின் அடிக்கூடான கிராங்க் கேஸையே கழற்ற வேண்டி வரும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஜாம் ஆன இன்ஜினிலிருந்து கழற்றிய செகண்ட் ஹேண்ட் கூலரை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். இரும்புத் தூள் அந்தச் சின்னக் குழாய்களுக்குள் தங்கிவிடும். எத்தனை முறை டீசல் விட்டுக் கழுவினாலும் முழுதாக வராது. உங்கள் இன்ஜின் சூடானதும் ஒவ்வொரு துணுக்காகக் கழன்று பேரிங்குக்குப் போகும்.

தம்பியின் வண்டிக்குப் புது ரப்பர் 'பூட்' போட்டேன். பழைய கூலரை நீரில் ஊறவைத்து, பின்பக்கத்திலிருந்து மெதுவாகத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவினேன். பிரஷர் வாட்டர் அடித்தால் ஃபின் மடங்கிவிடும். அதையே திரும்ப மாட்டினேன். கிராங்க் கேஸில் ஒரு கறுப்பு பெயின்ட் புள்ளி வைத்து இன்ஃப்ராரெட் மீட்டரில் அளந்தோம். பளபளப்பான அலுமினியத்தில் அந்த மீட்டர் குறைத்துக் காட்டும், புள்ளி இருந்தால் ஓரளவு சரியாகச் சொல்லும். பாலக்காடு ரோட்டில் நாற்பது நிமிடம் ஓட்டி வந்ததும் 96 காட்டியது. பெரிய கூலரை அவர் வீட்டிலேயே வைத்திருக்கிறார். லடாக் போகும்போது சரியான ஹோஸோடு மாட்டிக்கொள்ளலாம் என்று பேசியிருக்கிறோம்.

நீங்கள் கூலர் மாட்டியிருந்தால் இன்று ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்துவிட்டுத் தூங்கப் போங்கள். ஹோஸ் இணைப்புக்கு நேர் கீழே காலையில் ஒரே ஒரு சொட்டு விழுந்திருந்தாலும் வண்டியை எடுக்காதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள்.