பள்ளி ஊழியர்களுக்கான காவல்துறை சரிபார்ப்பு: யாருக்கு, எப்படி, சான்று எதைச் சொல்லாது

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் 2020 மார்ச்சில் வந்த புதிய விதிகளில் 3-ஆவது விதி பள்ளிகளுக்கு நேரடியாக ஒரு கடமையை வைக்கிறது. குழந்தைகளோடு தொடர்பில் வரும் ஒவ்வொரு ஊழியரையும் காவல்துறை மூலம் சரிபார்க்க வேண்டும், பின்னணியையும் விசாரிக்க வேண்டும், குறிப்பிட்ட கால இடைவெளியில் அதைத் திரும்பவும் செய்ய வேண்டும். பள்ளி மட்டுமல்ல, குழந்தைகள் காப்பகம், விளையாட்டுப் பயிற்சி மையம், விடுதி எல்லாம் இதில் அடங்கும். அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்ற வேறுபாடு இல்லை.

விதியின் சொற்களைக் கவனிக்க வேண்டும். ஆசிரியர், ஆசிரியரல்லாதவர், நிரந்தரம், ஒப்பந்தம் என்று எல்லோரையும் அது சேர்த்தே சொல்கிறது. ஆனால் நடைமுறையில் ஆசிரியர்களின் கோப்பு மட்டும் ஒழுங்காக இருக்கும். வேன் ஓட்டுநர், உதவியாளர், ஆயா, வாட்ச்மேன், துப்புரவுப் பணியாளர் ஆகியோர் ஏஜென்சி ஆட்கள் என்று விடப்பட்டிருப்பார்கள். ஏஜென்சி சரிபார்த்திருந்தாலும், அந்தச் சான்றின் நகலைப் பெயர் வாரியாகப் பள்ளி வாங்கி வைத்திருக்க வேண்டும். வழக்கமான ஓட்டுநர் விடுப்பில் போகும் நாளில் ஏஜென்சி அனுப்பும் மாற்று ஆள்தான் பெரிய ஓட்டை. சரிபார்த்த மாற்று ஆட்களின் பட்டியலை முன்கூட்டியே கேட்டு வாங்கி, அதில் இல்லாதவரை வண்டியில் ஏற்றக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம்.

ஊழியர் பட்டியலில் வராதவர்களும் உண்டு: கராத்தே, யோகா, நடனப் பயிற்சியாளர்கள், முகாம் நடத்த வருபவர்கள். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத் தனியார் பள்ளி ஒன்றில் போலி என்.சி.சி. (தேசிய மாணவர் படை) முகாம் நடந்து, மாணவிகள் பாலியல் வன்முறைக்கு ஆளான வழக்கு வெளிவந்தது. வந்தவர்கள் உண்மையிலேயே அந்த அமைப்பைச் சேர்ந்தவர்களா என்று சரிபார்க்கவில்லை. வெளியாள் முகாம் நடத்தக் கேட்டால், அவர் காட்டும் கடிதத்தை நம்பாமல், அந்த அமைப்பின் மாவட்ட அலுவலகத்துக்குப் பள்ளியே எழுதிக் கேட்க வேண்டும். முகாம் முழுக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவர் உடன் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் விண்ணப்பம் இணையவழியில்தான். காவல்துறை இணையதளத்தின் குடிமக்கள் சேவைப் பகுதியில் வேலைக்கான சரிபார்ப்பு தனி வகையாக இருக்கிறது. ஊழியரின் புகைப்படம், அடையாளச் சான்று, முகவரி விவரங்கள் தேவை. கட்டணத்தை இணையத்திலேயே செலுத்தலாம். பெயரும் முகவரியும் காவல்துறையின் குற்றப் பதிவுத் தரவில் தேடப்படும்.

தவறுவது பெரும்பாலும் பெயரிலும் முகவரியிலும்தான். ஆதாரில் ஒரு எழுத்துக்கூட்டல், கல்விச் சான்றில் வேறொன்று, இனிஷியல் ஒன்றில் முன்னால், இன்னொன்றில் தந்தை பெயராக விரிந்து கிடக்கும். ஒரே வடிவத்தை மட்டும் கொடுத்தால் பழைய வழக்கு தேடலில் சிக்காமல் போகலாம். புழக்கத்தில் உள்ள எல்லா வடிவங்களையும் எழுதித் தரச் சொல்லுங்கள். முகவரியும் அப்படியே: இப்போது குடியிருக்கும் வாடகை வீட்டை மட்டும் காட்டினால் போதாது, நிரந்தர முகவரியும் கடந்த ஐந்தாண்டுகளில் வசித்த ஊர்களும் வேண்டும். வெளிநாடு செல்பவர்களுக்காக பாஸ்போர்ட் அலுவலகம் தரும் காவல்துறைச் சான்று இதற்கானது அல்ல. யாராவது அதைக் கொண்டுவந்து கொடுத்தால் ஏற்க வேண்டாம். வேறு வேலைக்கு எடுத்த பழைய சான்றின் நகலும் அப்படித்தான்.

இனி, சான்று எதைச் சொல்லாது என்பது. அது சொல்வது ஒன்றே ஒன்று: பதிவான வழக்கு இருக்கிறதா, இல்லையா. முந்தைய பள்ளியில் பெற்றோர் புகார் கொடுத்து, "பள்ளி பெயர் கெட்டுவிடும்" என்று பேசி முடித்து, ராஜினாமா வாங்கி அனுப்பியிருந்தால் சான்றில் எதுவும் வராது. அந்த மனிதர் அடுத்த ஊரில் சுத்தமான காகிதத்தோடு வந்து நிற்பார். விதி காவல்துறை சரிபார்ப்பையும் பின்னணி விசாரணையையும் தனித்தனியாகக் கேட்கிறது; இரண்டாவது பள்ளியின் வேலை. பாலியல் குற்றவாளிகள் பற்றிய தேசியத் தரவுத்தளம் 2018 முதல் இருக்கிறது, ஆனால் அதைக் காவல்துறை போன்ற விசாரணை அமைப்புகள்தான் பார்க்க முடியும்.

ஆகவே முந்தைய பள்ளியைத் தொடர்பு கொள்வதைத் தவிர்க்கவே முடியாது. விண்ணப்பதாரர் தரும் கைபேசி எண்ணை அழைக்காதீர்கள், அது அவருடைய நண்பருடையதாக இருக்கலாம். அந்தப் பள்ளியின் அலுவலக எண்ணை நீங்களே தேடி எடுத்து, தலைமை ஆசிரியரிடமோ தாளாளரிடமோ பேசுங்கள். "ஆள் எப்படி?" என்று கேட்டால் "நல்லவர்" என்றுதான் பதில் வரும். ஏன் விலகினார், குழந்தைகள் தொடர்பாகப் புகார் ஏதும் வந்ததா, மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத் தயக்கம் தெரிந்தால் மேலும் விசாரிக்க வேண்டும். பேசிய தேதியையும் பதிலையும் கோப்பில் எழுதிவையுங்கள். கல்வியாண்டு நடுவில் விலகியது, பணி விவரத்தில் விளக்கமில்லாத இடைவெளி, ஆண்டுக்கொரு பள்ளி ஆகியவை குற்றத்துக்கு ஆதாரமல்ல, ஆனால் நேர்முகத்தில் கேட்டே ஆக வேண்டியவை.

வழக்கு இருப்பதாகச் சான்றில் வந்தால்? சொத்துத் தகராறில் பெயர் சேர்க்கப்பட்டவரையும் குழந்தைக்கு எதிரான குற்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. முதல் தகவல் அறிக்கையின் நகலையும் வழக்கின் இப்போதைய நிலையையும் கேட்டுப் பார்த்து, எழுத்துமூலம் முடிவெடுங்கள். போக்சோ வழக்கு நிலுவையில் இருக்கும் ஒருவரைக் குழந்தைகளிடம் விடவே கூடாது.

எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்று விதி எண் எதுவும் சொல்லவில்லை. வேலையில் சேரும் முன் ஒருமுறை, பிறகு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, இடையில் ஆண்டுதோறும் "என் மீது வழக்கு எதுவும் இல்லை" என்ற எழுத்துமூல உறுதி என்பது செய்யக்கூடிய ஏற்பாடு. ஜூனில் அவசரமாக ஆள் எடுத்து, "சான்று அப்புறம் வரட்டும்" என்று வகுப்புக்கு அனுப்புவதுதான் எல்லாவற்றையும் குலைக்கிறது. ஆள் தேடுவதை ஏப்ரலிலேயே தொடங்கினால் அந்த நெருக்கடி வராது.

சான்று கையில் இருப்பதால் புகாரை ஒதுக்கிவிட முடியாது. குற்றம் நடந்ததாகத் தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் விட்டால் போக்சோ சட்டத்தின் 21-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை; தன் கீழ் பணிபுரிபவர் செய்ததை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. முதலில் உள்விசாரணை நடத்திவிட்டுப் பிறகு சொல்கிறோம் என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

பெற்றோருக்கு ஊழியர்களின் சான்றுகளைப் பார்க்கும் உரிமை இல்லை, அவை தனிப்பட்ட ஆவணங்கள். ஆனால் வேன் ஓட்டுநர் உட்பட எல்லோருக்கும் சரிபார்ப்பு முடிந்ததா, கடைசியாக எந்த ஆண்டு என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்கலாம். எழுத்தில் பதில் கோரலாம். குழந்தை ஏதாவது சொன்னால் பள்ளியின் பதிலுக்குக் காத்திருக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கலாம். தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.