உலர்ந்திருந்தால் ஒரு கலன், நனைந்தால் வேறொரு கலன்

புல்மோட்டைக் கடற்கரை மணலில் செறிந்துள்ள இல்மனைட், டைட்டானியம் என்னும் உலோகத்தின் மூலக் கனியமாகும். ஈரமான குளோரீன் வாயுவைத் தாங்கி நிற்கும் மிகச் சில உலோகங்களுள் டைட்டானியமும் ஒன்று. ஆனால் நீர் முற்றாக அகற்றப்பட்ட குளோரீனை அதே டைட்டானியக் கலனுள் செலுத்தினால், அறை வெப்பநிலையிலேயே அது தீப்பற்றக்கூடும். சாதாரண உருக்கின் இயல்போ நேர்மாறானது: உலர் குளோரீன் உருக்கு உருளைகளிலேயே அனுப்பப்படுகிறது, ஈரம் புகுந்தால் அந்த உருளை உள்ளிருந்தே அரிக்கப்படும். எனவே கலனைத் தேர்வு செய்பவர் உலோகத்தின் உறுதியை விசாரிக்கும் முன், இரசாயனத்தில் நீர் எவ்வளவு உள்ளது என்பதைத்தான் விசாரிக்க வேண்டும்.

உலோகத்தைக் காப்பது பெரும்பாலும் அதன் மேற்பரப்பில் உருவாகும் மெல்லிய படலமே. டைட்டானியத்தின் ஒட்சைட்டுப் படலத்தில் கீறல் விழுந்தால், அது மீண்டும் மூடிக்கொள்ள நீர் வேண்டும். உலர் குளோரீனில் அது கிடைப்பதில்லை. சல்பூரிக் அமிலம் பட்ட உருக்கின் மேல் இரும்புச் சல்பேற்று படிகிறது. 93 முதல் 98 சதவீதச் செறிவில் அந்தப் படிவு எளிதில் கரையாது என்பதால், செறிந்த அமிலத்தைச் சாதாரண உருக்குத் தாங்கிகளில் சேமிக்கிறார்கள். பற்றரிக்கு ஊற்றும் ஏறத்தாழ 37 சதவீத அமிலத்திலோ படிவு கரைந்துவிட, இரும்பு ஐதரசனை வெளியிட்டபடி விரைவாக அரிபடும். ஆகவே அது பிளாஸ்டிக் கலன்களில்தான் விற்பனைக்கு வருகிறது.

திருகோணமலை போன்ற துறைமுக நகரில் இந்த வேறுபாடு மிகவும் முக்கியமானது. செறிந்த சல்பூரிக் அமிலம் காற்றிலுள்ள ஈரத்தை ஆவலோடு உறிஞ்சும். பாதி வெறுமையான தாங்கிக்குள் கடற்காற்று நுழைந்தால், திரவ மட்டத்துக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கும் அமிலமே முதலில் ஐதாகி அந்த இடத்தைத் தின்னத் தொடங்கும். அடியில் நிறைந்திருக்கும் அமிலம் அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. காற்றுக் குழாயில் ஈரமுறிஞ்சி பொருத்துவது இதற்காகவே. துருப்பிடிக்காத உருக்கும் இங்கு முழுமையான விடையன்று: கடல் உப்பிலுள்ள குளோரைட்டு அயன்கள் அதன் படலத்தை ஊசிமுனைப் புள்ளிகளில் துளைக்கின்றன, ஐதரோகுளோரிக் அமிலத்துக்கோ அது அறவே பொருந்தாது.

கிணற்று நீரைத் தொற்றுநீக்கப் பயன்படும் சோடியம் ஐப்போகுளோரைற்றுக் கரைசலைத் தடித்த பொலித்தீன் கலனில் வைப்பதே நல்லது. செம்பு, நிக்கல் போன்ற உலோகங்களின் சிறு தடயம்கூட அதன் சிதைவை விரைவுபடுத்தும். சிதையும்போது ஒட்சிசன் வெளிவருவதால் மூடியில் வாயு வெளியேற வழி இருக்க வேண்டும். வெயில் சிதைவை மேலும் துரிதப்படுத்துவதால் கலனை நிழலில் வைக்க வேண்டும். கலனைக் கவனமாகத் தேர்ந்தவர்களும் அதில் செம்பு கலந்த பித்தளைக் குழாய்த்தலை பொருத்திவிடுகிறார்கள். கரைசலைத் தொடும் குழாய்த்தலையும் வாசரும் கலனைப் போலவே தாங்கக்கூடிய பொருளாலானவையாக இருக்க வேண்டும்.